ரூக்கி ரிசீவர்ல யார எடுக்கலாம்: ஹாரிசனா, நேபர்ஸா, தாமஸா, மெக்கான்கியா?

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துட்டா எங்க ஃபேன்டஸி லீக் க்ரூப்ல (அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் ஆட்டக்காரங்கள ரவுண்டு ரவுண்டா ஆளுக்கொருத்தரா எடுத்து டீம் போட்டு, அவங்க நிஜ மேட்ச்ல ஆடறத வச்சு பாயிண்ட் எண்ற ஆட்டம்) ஒரே கேள்விதான் ஓடும், புதுசா வந்திருக்கற ரூக்கி ரிசீவர்ல, அதாவது மொத வருஷம் ஆடற, எறியற பந்த புடிக்கறவங்கள்ல, யார எடுக்கலாம், எத்தனையாவது ரவுண்டுல எடுக்கலாம்னு. எவ்வளவு முன்னாடி ரவுண்டுல எடுக்கறோமோ அவ்வளவு விலை. பன்னெண்டு டீம், ஃபுல் பிபிஆர், அதாவது ஒரு கேட்சுக்கு 1 பாயிண்ட், 10 யார்டுக்கு 1 பாயிண்ட், டச்டவுனுக்கு, அதாவது எதிரணி எல்லைக்குள்ள பந்தோட போனா, 6. புதுசா சேந்தவங்க காலேஜ் ஹைலைட்ஸ் பாத்துட்டு வந்து இவன் வெறித்தனமா ஆடறான் இவன எடுங்கன்னு சொல்லுவாங்க, நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் எடுத்துட்டு இருந்தேன். இப்ப வேற மாதிரி பாக்கறேன், அத 2024 பேட்ச வச்சு சொல்றேன், ஏன்னா அந்த ஒரே வருஷத்துல நாலு விதமான ரூக்கி, நாலு விதமான டீம், விலையும் வேற வேற, முழு சீசன் கணக்கும் இப்ப நம்ம கைல இருக்கு, யாரும் ஊகமா எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

முதல்ல ஒரு விஷயம். கல்யாண பந்திய நினைச்சுக்கோங்க. ஒரு என்எஃப்எல் டீம் சீசன் முழுக்க சுமாரா 500லேர்ந்து 600 தடவ பந்த எறியும், போட்டிருக்கற இலை மொத்தமே அவ்வளவுதான். ஏற்கெனவே உக்காந்திருக்கறவங்க எந்திரிச்சு போனாதான் புதுசா வந்தவனுக்கு எடம். வந்தவன் எவ்வளவு பெரிய வீட்டுப் பையனா இருந்தாலும் இலை காலி இல்லன்னா நின்னுட்டுதான் இருக்கணும். ரூக்கிய பத்தி நான் மொதல்ல கேக்கற கேள்வி இதுதான், இலை காலியா இருக்கா, யாரு எந்திரிச்சு போனாங்க?

மார்வின் ஹாரிசன் ஜூனியர். என்எஃப்எல் டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க காலேஜ் ஆட்டக்காரங்கள வரிசையா எடுக்கறதுல, 4வது பிக், அரிசோனா கார்டினல்ஸ். அப்பா ஹால் ஆஃப் ஃபேம் ரிசீவர். பையன் ஒஹாயோ ஸ்டேட்ல 2022, 2023 ரெண்டு வருஷமும் 1,200 யார்டுக்கு மேல, ரெண்டு வருஷமும் 14 டச்டவுன். காலேஜ் பெஸ்ட் ரிசீவருக்கு குடுக்கற பிலெட்னிகாஃப் அவார்டும் 2023ல அவனுக்குதான். டிராஃப்டுக்கு முன்னாடி வேகம், பலம் எல்லாம் சோதிக்கற கம்பைன்ல ஓடக்கூட இல்ல, ஓட வேண்டிய தேவையே இல்லன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஃபேன்டஸில விலை ரெண்டாவது ரவுண்டு, சில லீக்ல மொத ரவுண்டு கடைசியிலயே போயிட்டான். இலையும் காலிதான், ரிசீவர் மார்கீஸ் பிரவுன் சீஃப்ஸுக்கு போயிட்டாரு. ஆனா ஒருத்தர் அங்க கெட்டியா உக்காந்திருந்தாரு, டைட் எண்ட் (எதிராளிய தடுக்கவும் செய்வாரு, பந்தும் புடிப்பாரு) ட்ரே மெக்பிரைட், அத நிறைய பேர் கணக்குல சேக்கல.

மொத வாரம் பஃபலோ பில்ஸ் கூட மேட்ச். ஹாரிசனுக்கு 1 கேட்ச், 4 யார்டு. ரெண்டாவது ரவுண்டு குடுத்து எடுத்தவனுக்கு 1.4 பாயிண்ட். அடுத்த வாரம் ராம்ஸ் கூட, மேட்ச் ஆரம்பிச்சு மொத குவார்டர் முடியறதுக்குள்ளயே 4 கேட்ச், 130 யார்டு, 2 டச்டவுன், அதுல ஒண்ணு 60 யார்டு. நாங்க நாலஞ்சு பேர் ஒண்ணா உக்காந்து பாத்துட்டு இருந்தோம், அவன வச்சிருந்த ஃப்ரெண்ட் சோஃபாவுல இருந்து எந்திரிச்சு நின்னுட்டான், உக்காரவே இல்ல, ஃபோன்ல 29 பாயிண்ட் காமிக்குது. அதுக்கப்புறம் மூணு குவார்டர் மிச்சம் இருந்துச்சு, ஒரு கேட்ச் கூட வரல. அந்த சீசன் முழுக்க அவன் கிராஃப் அப்படித்தான் மேல போய் கீழ வந்துட்டு இருந்துச்சு. கடைசில 17 மேட்ச், 62 கேட்ச், 885 யார்டு, 8 டச்டவுன். ரூக்கிக்கு இது மோசமே இல்ல, நல்ல சீசன்தான். ஆனா ரெண்டாவது ரவுண்டு விலைக்கு இது கட்டுப்படியாகாது. அதே டீம்ல மெக்பிரைட் 111 கேட்ச்.

மலிக் நேபர்ஸ். 6வது பிக், நியூயார்க் ஜயன்ட்ஸ். எல்எஸ்யூ காலேஜ்ல 2023ல 89 கேட்ச், 1,569 யார்டு, 14 டச்டவுன். டேலன்ட்ல ஹாரிசனுக்கு கொஞ்சமும் குறையாதவன்னு ஸ்கவுட் பண்றவங்களே பல பேர் சொன்னாங்க, ஆனா விலை மூணாவது நாலாவது ரவுண்டுக்கு எறங்கிடுச்சு, காரணம் குவார்டர்பேக், அதாவது பந்து எறியறவரு. டேனியல் ஜோன்ஸ் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வர்றாரு, டீமும் சுமார், இவனுக்கு யாரு பந்து போடுவாங்கன்னு பயம்.

இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் தப்பு பண்ணாங்கன்னு நினைக்கறேன், நானும் அதுல ஒருத்தன். மோசமான டீம்னா மேட்ச்ல பின்தங்கும், பின்தங்கினா எறிஞ்சே ஆகணும், எறியணும்னா நம்பி எறிய ஒரு ஆள் வேணும், அந்த ஆள் ஒருத்தன்தான் இருந்தா எல்லாமே அவனுக்குதான். ரெண்டாவது வாரம் வாஷிங்டன்ல நடந்த மேட்ச்ச எடுத்துக்கோங்க. ஆரம்ப கிக்ஆஃப்லயே ஜயன்ட்ஸ் கிக்கருக்கு காயம், அப்புறம் ஃபீல்ட் கோலே அடிக்க முடியாத நிலைமை, 21-18 தோத்தாங்க. ஆனா நேபர்ஸுக்கு 18 டார்கெட், அதாவது அவன நோக்கி 18 தடவ எறிஞ்சாங்க! 10 கேட்ச், 127 யார்டு, 1 டச்டவுன். மூணாவது டவுன் (10 யார்டு போக குடுக்கற நாலு முயற்சில மூணாவது) வந்தா ஜோன்ஸ் பந்த வாங்கின உடனே தலை அந்தப் பக்கம்தான் திரும்புது, டிஃபன்ஸுக்கும் தெரியும், பாக்கற நமக்கும் தெரியும், இருந்தாலும் தடுக்க முடியல. கடைசில ஒரு முக்கியமான நாலாவது டவுன்ல கைல வந்த பந்த விட்டான், அன்னிக்கு நைட்டு எல்லாரும் அதையே பேசினாங்க. எனக்கு அந்த ட்ராப் பெரிசாவே தெரியல, 18ங்கற நம்பர்தான் கண்ணுல நின்னுச்சு.

நாலாவது வாரம் டல்லஸ் கூட ஆடும்போது தலையில அடிபட்டு அடுத்த ரெண்டு மேட்ச் போச்சு. நவம்பர்ல ஜோன்ஸ பெஞ்ச் பண்ணிட்டாங்க, டாமி டிவிட்டோ வந்தாரு, ட்ரூ லாக் வந்தாரு, டீம் 3 ஜெயிச்சு 14 தோத்து முடிச்சுச்சு. இவ்வளவு நடந்தும் 15 மேட்ச்ல 170 டார்கெட், 109 கேட்ச், 1,204 யார்டு, 7 டச்டவுன். ரூக்கி வைட் ரிசீவர் யாருமே அதுக்கு முன்னாடி 109 கேட்ச் புடிச்சதில்ல.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதிக்கு வரேன். 2024 மார்ச்சுல லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸ் சம்பள கேப் (மொத்த சம்பளத்துக்கான உச்சவரம்பு) நெருக்கடில மைக் வில்லியம்ஸ விட்டுட்டாங்க, கீனன் ஆலன ஒரே ஒரு நாலாவது ரவுண்டு பிக்குக்கு சிகாகோ பேர்ஸுக்கு குடுத்துட்டாங்க. ஆலன் 2023ல 13 மேட்ச்தான் ஆடினாரு, அதுலயே 150 டார்கெட், 108 கேட்ச். ரன்னிங் பேக் (பந்த எடுத்துட்டு ஓடறவரு) ஆஸ்டின் எக்லரும் போனாரு, டைட் எண்ட் ஜெரால்ட் எவரெட்டும் போனாரு. பந்தில கிட்டத்தட்ட வரிசையே காலி. இப்ப அதே ஒரு ட்ரேட் ரெண்டு ரூக்கியோட சீசன எப்படி மாத்துச்சுன்னு பாருங்க.

சிகாகோல 9வது பிக்கா வந்தவன் ரோம் ஒடுன்ஸே. அங்க ஏற்கெனவே டிஜே மூர் இருக்காரு, இப்ப ஆலனும் வந்து உக்காந்துட்டாரு, குவார்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் ரூக்கி, அந்த சீசன்ல அவர 68 தடவ சாக் பண்ணாங்க, அதாவது எறியறதுக்குள்ளயே மடக்கி கீழ தள்ளினாங்க. ஒடுன்ஸே நல்ல ரிசீவர்ங்கறதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல, ஆனா 54 கேட்ச், 734 யார்டு, 3 டச்டவுனோட முடிஞ்சுச்சு.

இந்தப் பக்கம் ஆலன் காலி பண்ண எடத்துக்கு சார்ஜர்ஸ் ரெண்டாவது ரவுண்டுல ட்ரேட் பண்ணி மேல வந்து 34வது பிக்ல எடுத்தது லாட் மெக்கான்கிய. ஜார்ஜியா காலேஜ். நம்பர் மட்டும் பாத்தா யாரும் தொட மாட்டாங்க, காயத்தோட ஆடின 2023ல 30 கேட்ச், 478 யார்டுதான். புது கோச் ஜிம் ஹார்பா வந்திருக்காரு, அவரு ஓடி ஓடியே ஜெயிக்கறவரு எறிய மாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க, போதாததுக்கு ஆகஸ்ட்ல குவார்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட்டுக்கு பாதத்துல காயம். அதனால ஏழு எட்டாவது ரவுண்டு வரைக்கும் கெடச்சான். ஆனா அந்த டீம்ல டார்கெட் வாங்க வேற யாரு இருந்தாங்கன்னு சொல்லுங்க, குவென்டின் ஜான்ஸ்டனும் ஜோஷுவா பாமரும்தான். 16 மேட்ச், 112 டார்கெட், 82 கேட்ச், 1,149 யார்டு, 7 டச்டவுன். சார்ஜர்ஸோட ரூக்கி ரிசீவர் ரெக்கார்டயே ஒடச்சான், அது 2013ல இருந்து யாரு பேர்ல இருந்துச்சுன்னா அதே கீனன் ஆலன் பேர்லதான், 71 கேட்ச், 1,046 யார்டு.

இந்த எடத்துல ஒரு விஷயம் கவனிங்க. ஹாரிசனுக்கு 116 டார்கெட், மெக்கான்கிக்கு 112. கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஹாரிசன் 62 புடிச்சான், மெக்கான்கி 82. கையோட வித்தியாசம்னு நான் சொல்ல மாட்டேன், ஹாரிசன் கை எல்லாம் தங்கம். பந்து எங்க வருதுங்கறதுதான் வித்தியாசம். ஹாரிசன ஓரத்துல நிறுத்தி நேரா நீளமா ஓட விட்டாங்க, ரிசீவர தடுக்கற கார்னர் முதுகுலயே ஒட்டிட்டு இருப்பான், அந்த மாதிரி பந்துல பாதி கெடச்சாலே பெரிசு. மெக்கான்கி பெரும்பாலும் ஸ்லாட்ல (ஓரத்துல இல்லாம உள்ள தள்ளி நிக்கற எடம்), நடுவுல ரெண்டு அடி வச்சு சட்டுனு திரும்பினா ஆளே பக்கத்துல இல்ல, பந்து நெஞ்சுக்கு நேரா வரும், எறியறது அந்த சீசன் முழுக்க வெறும் 3 இன்டர்செப்ஷன் குடுத்த, அதாவது எதிரணி கைக்கு 3 தடவ மட்டும் பந்த விட்ட ஹெர்பர்ட். பிபிஆர்ல கேட்சுக்கு தனி பாயிண்ட் இருக்கறதால இது பெரிய விஷயம். அதனால இலை காலியான்னு பாத்த கையோட, அந்த இலையில என்ன பரிமாறுவாங்கன்னும் பாக்கணும்.

பிரையன் தாமஸ் ஜூனியர். 23வது பிக், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ். நேபர்ஸோட அதே எல்எஸ்யூ டீம், 2023ல 17 டச்டவுன், நாட்டுலயே அதிகம். 6 அடி 3 அங்குலம் இருந்துட்டு 40 யார்ட 4.33ல ஓடினான். கால்வின் ரிட்லி டென்னசிக்கு போனதால ஒரு எடம் காலி, ஆனா கிறிஸ்டியன் கர்க், கேப் டேவிஸ், எவன் எங்ரம்னு ஆள் இருந்தாங்க, அதனால விலை எட்டாவது ரவுண்டு பக்கம். அப்புறம் நடந்தது யாரும் முன்னாடியே கணிக்க முடியாதது. எட்டாவது வாரம் கர்க்குக்கு காலர் எலும்பு ஒடஞ்சுச்சு, நவம்பர்ல டேவிஸ், அப்புறம் எங்ரம், ஒவ்வொருத்தரா வெளிய. குவார்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸும் காயம், மேக் ஜோன்ஸ் ஆடினாரு. தாமஸ் 17 மேட்சும் ஆடி 133 டார்கெட், 87 கேட்ச், 1,282 யார்டு, 10 டச்டவுன். ஃபேன்டஸி ப்ளேஆஃப் நடக்கற 15வது வாரம் ஜெட்ஸ் கூட 10 கேட்ச், 105 யார்டு, 2 டச்டவுன், அது 32.5 பாயிண்ட். அடுத்த வாரம் ரெய்டர்ஸ் கூட 28.2. எங்க லீக்ல அவன வச்சிருந்தவர்தான் கப்ப தூக்கினாரு, ஒம்பதாவது ரவுண்டுல எடுத்தது.

கேட்ச், யார்டு, டச்டவுன் மட்டும் போட்டு கணக்கு பண்ணா தாமஸ் 275.2, நேபர்ஸ் 271.4, மெக்கான்கி 238.9, ஹாரிசன் 198.5, ஒடுன்ஸே 145.4. ஒரு மேட்சுக்குன்னு பாத்தா நேபர்ஸ்தான் மேல, 18.1. தாமஸ் 16.2, மெக்கான்கி 14.9, ஹாரிசன் 11.7. விலையோட சேத்துப் பாத்தா, நாலு பேர்ல யாருக்கு அதிகமா குடுத்தோமோ அந்த ஹாரிசன்தான் கீழ.

ஒரு வருஷத்த வச்சு எல்லாத்தயும் முடிவு பண்ணாதீங்கன்னு கேப்பீங்க, நியாயம்தான். 2020ல ஈகிள்ஸ் 21வது பிக்ல ஜேலன் ரீகர எடுத்தாங்க, அடுத்த பிக்லயே வைகிங்ஸ் ஜஸ்டின் ஜெஃபர்சன எடுத்தாங்க. ஸ்டெஃபான் டிக்ஸ பஃபலோவுக்கு குடுத்து வாங்கின அதே பிக்கு அது, எந்திரிச்சவரோட எடத்துலயே நேரா போய் உக்காந்தான், 88 கேட்ச், 1,400 யார்டு. ரீகர் 396 யார்டு. 2023ல பூக்கா நக்குவா அஞ்சாவது ரவுண்டு, 177வது பிக். கூப்பர் கப் காயத்தால மொத நாலு மேட்ச் இல்ல, மொத வாரமே 15 டார்கெட், ரெண்டாவது வாரம் 20, சீசன் முடிவுல 1,486 யார்டு. அதே வருஷம் 20வது பிக்கா வந்த ஜாக்சன் ஸ்மித் இஞ்சிக்பா, டேலன்ட்ல எந்தக் குறையும் இல்லாதவன், முன்னாடி டிகே மெட்காஃபும் டைலர் லாக்கெட்டும் உக்காந்திருந்ததால 628 யார்டுதான். 2025லயும் இதேதான், கரோலினா பேந்தர்ஸ் ஆகஸ்ட் கடைசில ஆடம் தீலன மின்னசோட்டாவுக்கு அனுப்பினாங்க, 8வது பிக்கா வந்த டெட்டைரோவா மெக்மில்லன் 1,000 யார்ட தாண்டினான்.

டேலன்ட் முக்கியமில்லன்னு சொல்ல வரல. ஜமார் சேஸ் மாதிரி ஒருத்தன் வந்தா எடம் அவனே பண்ணிக்குவான், 2021ல டீ ஹிக்கின்ஸ், டைலர் பாய்ட் எல்லாம் இருந்த டீம்ல 1,455 யார்டு, 13 டச்டவுன், அதுவும் ப்ரீசீசன்ல பந்த விட்டுட்டே இருந்தான்னு எல்லாரும் பயந்து விலைய எறக்கின பிறகு. ஆனா அந்த மாதிரி ஆள் எப்பவோ ஒருத்தன்தான். வேகத்த மட்டும் பாத்து மயங்கறத மட்டும் தயவுசெஞ்சு விட்டுருங்க. 2017ல ஜான் ராஸ் 4.22 ஓடி 9வது பிக்கா போனான், ரூக்கி சீசன்ல ஒரு கேட்ச் கூட இல்ல. 2024ல அந்த ரெக்கார்ட ஒடச்சு 4.21 ஓடின சேவியர் வொர்தி சீஃப்ஸ் மாதிரி டீம்ல, குவார்டர்பேக் மஹோம்ஸ் கைல இருந்து பந்து வாங்கியும் 638 யார்டு.

சரி இப்ப டிராஃப்ட்ல உக்காந்திருக்கீங்க, யார எடுப்பீங்க? ரெண்டாவது ரவுண்டுல ரூக்கி ரிசீவர் பேரு மேல வந்தா நான் எடுக்க மாட்டேன், அந்த எடத்துல ஏற்கெனவே ரெண்டு மூணு சீசன் 1,000 யார்டு அடிச்சு காமிச்ச ஆள் கெடைப்பான், ஹாரிசன் விலையில அன்னிக்கு அப்படிப்பட்டவங்க கெடச்சாங்க. மூணு நாலுல நேபர்ஸ் மாதிரி ஒருத்தன், மோசமான டீம், ஆனா டார்கெட் எல்லாம் அவனுக்குதான்னு தெரிஞ்சா, யோசிக்காம எடுப்பேன், குவார்டர்பேக் யாருன்னு கவலப்பட மாட்டேன். மத்தபடி என்னோட உண்மையான விருப்பம் ஏழாவது ரவுண்டுக்கு அப்புறம்தான், தாமஸ் மாதிரி ஒருத்தன், மெக்கான்கி மாதிரி ஒருத்தன், ஒண்ணுக்கு ரெண்டா எடுத்து வச்சுக்குவேன். ரெண்டுல ஒண்ணுதான் எடுக்க முடியும்னா, பிபிஆர்ல ஸ்லாட்ல ஆடற மெக்கான்கி ரகம். கேட்சுக்கு அரை பாயிண்ட் மட்டும் குடுக்கற லீக்னா, இல்ல கேட்சுக்கு பாயிண்டே இல்லன்னா தாமஸ் ரகம், ஒரே ஆட்டத்துல நீளமா ரெண்டு அடிச்சா வாரம் முடிஞ்சுச்சு.

எடுத்துட்டு பொறுமையா இருக்கணும், இதுல நான் பட்டிருக்கேன். ஒரு வருஷம் ஒரு ரூக்கிய எடுத்து வச்சிருந்தேன், மொத அஞ்சு வாரம் பெஞ்ச்லயே கெடந்தான், என் ரன்னிங் பேக்குக்கு காயம்னு அவசரத்துல அவன வெளிய விட்டேன், பக்கத்து டீம்காரர் அன்னிக்கே வேய்வர்ல (வெளிய விட்டவங்கள மத்த டீம் எடுத்துக்கற வழி) தூக்கிட்டாரு, டிசம்பர்ல செமிஃபைனல்ல எனக்கு எதிராவே அவன் ஆடி என்ன வெளிய அனுப்பினான். அமான்ரா செயின்ட் பிரவுன் 2021ல சீசன் முழுக்க 90 கேட்ச், அதுல 51 கடைசி ஆறு மேட்ச்ல வந்தது. ஜெஃபர்சனே மொத ரெண்டு வாரம் சேத்து 70 யார்டுதான், மூணாவது வாரம் 175. அதனால இப்ப பாயிண்ட பாக்கறதில்ல, டீம் எறியற ஆட்டத்துல எத்தன தடவ பந்து வாங்க ரூட் ஓடறான், எத்தன டார்கெட் வருதுன்னு வாரா வாரம் எழுதி வைக்கறேன். மூணாவது வாரத்துக்கு அப்புறம் அது ஏறிட்டே இருந்தா பாயிண்ட் பூஜ்யமா இருந்தாலும் வச்சுக்குவேன், குறைஞ்சுட்டே போனா அக்டோபர் நடுவுல விட்டுடுவேன்.

எடுத்த ஆள வருஷா வருஷம் வச்சுக்கற டைனஸ்டி லீக்ல ஆடறவங்களுக்கு கதை வேற, அங்க பந்தி ஒரு நாள்ல முடியாது, நாற்காலி வருஷா வருஷம் மாறும். தாமஸ் டீமுக்கு 2025ல லியம் கோயன் புது கோச்சா வந்தாரு, ட்ராவிஸ் ஹன்டரையும் எடுத்தாங்க, தாமஸ் அந்த வருஷம் 1,000 யார்டு தொடல. நேபர்ஸ் நாலாவது வாரமே முட்டில ஏசிஎல் தசைநார் கிழிஞ்சு போயிட்டான். கீனன் ஆலன் என்ன பண்ணாருன்னா 2025 ஆகஸ்ட்ல திரும்ப சார்ஜர்ஸுக்கே வந்து பழைய எடத்துலயே உக்காந்துட்டாரு, மெக்கான்கியும் அந்த வருஷம் 1,000 தொடல. சிகாகோல ஆலன் எந்திரிச்ச எடம் காலியாச்சு, அங்க பென் ஜான்சன் கோச்சா வந்தாரு, 2024 முழுக்க 3 டச்டவுன் அடிச்ச ஒடுன்ஸே மொத நாலு மேட்ச்லயே 5 அடிச்சான்.